போர்டு 35 டாலர், மற்றதெல்லாம் தனி

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ராஸ்பெர்ரி பை வாங்கி வீட்டில் டெஸ்க்டாப்பாக வைத்துக்கொள்ளலாமா? வைத்தால் எஸ்டி கார்டு போதுமா, எஸ்எஸ்டி போடணுமா? பதிலை ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடலாம். ஆனால் அந்தப் பதில் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கும் மேலான கதை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கதைதான். அதில் நான் செய்த ஒரு தப்பும் வரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020. என் சித்தி மகள் ப்ளஸ் டூ. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருஷம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, சித்தப்பாவோட போன் ஒன்றுதான். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஊரில் இருந்துதான் வேலை. பெருமையாக ஒரு ராஸ்பெர்ரி பை 4 வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு டிவியில் மாட்டினேன். கார்டு? என் பழைய போனில் இருந்ததைக் கழற்றிப் போட்டேன். பவர்? வீட்டில் கிடந்த ஒரு போன் சார்ஜர். போர்டுக்குச் செலவழித்தாச்சு, மற்றதெல்லாம் சும்மா கிடைத்தது என்று சந்தோஷம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தின் பைத்தான் புரோகிராம்கள், நோட்ஸ், எல்லாம் அதில்தான் அவள் எழுதினாள். நவம்பர் மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் டிவியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும்தான். கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் போட்டு ராத்திரி முழுக்க முயற்சி பண்ணினேன். ஒன்றும் வரவில்லை. "அண்ணே, இது நெசமாவே கம்ப்யூட்டர்தானா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு வலித்தது.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. விலைப்பட்டியலில் "கம்ப்யூட்டர்" என்று போட்டிருப்பதற்குள் எதெல்லாம் அடக்கம், எதெல்லாம் தனி?

இது ராஸ்பெர்ரி பை கண்டுபிடித்த வித்தை இல்லை. 1981 டிசம்பருக்குப் போவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சின்ன நிறுவனம். பி.பி.சி. மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு தொலைக்காட்சித் தொடர் திட்டமிட்டது, அதற்கு ஒரு இயந்திரம் வேண்டும். ஏக்கார்ன் செய்து கொடுத்ததுதான் பி.பி.சி. மைக்ரோ. 32 கே.பி. மெமரி உள்ள மாடல் பி-யின் விலை சீக்கிரமே 399 பவுண்டுக்குப் போனது. அந்தக் காலத்துக்குப் பெரிய காசு. அவ்வளவு கொடுத்தும், எழுதிய புரோகிராமைச் சேமிக்கணும் என்றால் வீட்டில் இருக்கும் டேப் ரெக்கார்டரைத்தான் இணைக்கணும். நொடிக்கு 1200 பிட் வேகம். மெமரி முழுவதையும் டேப்பில் பதிய ஐந்து நிமிஷம் போல ஆகும். ஃப்ளாப்பி வேண்டுமா? அதற்கான கன்ட்ரோலர் சிப் தனி, டிரைவ் தனி. போர்டில் அதற்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். இந்தக் காலி இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அந்த இயந்திரத்துக்கு 1984-ல் டேவிட் பிரேபனும் இயான் பெல்லும் 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். டேப்பில் வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கின விளையாட்டு. டிஸ்க்கில் வாங்கியவர்களுக்குக் கூடுதல் விண்கலங்கள், கூடுதல் பணிகள். அதே கம்ப்யூட்டர், அதே பிராசஸர், அதே மெமரிதான். தேவைப்படும்போது டிஸ்க்கில் இருந்து சட்டென்று எடுத்துப் போட முடிந்தது, டேப்பில் முடியவில்லை. கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது என்பதைச் சேமிப்பகம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த பிரேபன் பிறகும் வருவார். இடையில் ஒரு சின்னத் தகவல்: 1984-85-ல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த திட்டத்தில் வந்ததும் இதே பி.பி.சி. மைக்ரோதான்.

ஏக்கார்னில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பேர் அடுத்த இயந்திரத்துக்காகச் சொந்தமாக ஒரு பிராசஸர் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26-ம் தேதி முதல் ஏ.ஆர்.எம். சிப் வந்து ஓடியது. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஃபர்பர் அம்மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டியது. மின் இணைப்பே கொடுக்கவில்லை! பக்கத்து சர்க்யூட்டுகளின் சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பரம்பரையில் வந்த போர்டு ஒன்று இன்றைக்கு 5 ஆம்பியர் அடாப்டர் கேட்கிறது என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது 2006 பக்கம் வருவோம். அதே கேம்பிரிட்ஜ். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் குறைந்துகொண்டே போவதை எபன் அப்டன் கவனித்தார். வருபவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்கு இருந்த பழக்கம் இல்லை, ஏனென்றால் பி.பி.சி. மைக்ரோ மாதிரி ஆன் பண்ணினதும் புரோகிராம் எழுதச் சொல்லும் இயந்திரம் வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. அவரும் சகாக்களும் 2009-ல் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். நிறுவனர்களில் ஒருவர் நம்ம டேவிட் பிரேபன். அப்டன் வேலை பார்த்தது பிராட்காம் நிறுவனத்தில். அந்த நிறுவனத்தின் பி.சி.எம். 2835 என்ற சிப்பைச் சுற்றித்தான் போர்டு எழுந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. மாடல் பி 35 டாலர், 256 எம்.பி. மெமரி. முதலில் பத்தாயிரம் போர்டுதான் திட்டம். விற்ற இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன.

ஏன் எஸ்டி கார்டு? விலை குறைவு என்பது பாதிக் காரணம். மீதி, சிப்பில் வேறு வழி இல்லை. கைபேசி, மீடியா கருவி போன்றவற்றை மனதில் வைத்துச் செய்த சிப் அது. ஹார்ட் டிஸ்க் இணைக்கும் சாட்டா கிடையாது, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கிடையாது. ஒரே ஒரு யு.எஸ்.பி. 2.0, ஒரு எஸ்டி இணைப்பு. ஆன் பண்ணினால் முதலில் விழிப்பது கிராஃபிக்ஸ் பகுதிதான். அது எஸ்டி கார்டில் இருந்து தன் கோப்புகளைப் படித்து, அதற்கு அப்புறம்தான் ஏ.ஆர்.எம். பிராசஸரை எழுப்பும். கார்டு இல்லையென்றால் போர்டு வெறும் பச்சைப் பலகை.

ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ளணும். கற்றுக்கொள்வதற்கான பலகைக்கு இது அருமையான முடிவு. பையன் என்ன குளறுபடி செய்தாலும் கார்டை எடுத்து மறுபடி எழுதினால் புத்தம் புதுசு. ஒரு கார்டில் லினக்ஸ், இன்னொன்றில் சினிமா பிளேயர். போர்டு கெட்டுப்போகும் பயமே இல்லை. வகுப்பறைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே கார்டு, தினமும் எட்டு மணி நேரம் ஓடும், வேலையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய டெஸ்க்டாப்பின் ஒரே சேமிப்பகமாக மாறும்போதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் கொஞ்சம் உள்ளே போகிறேன். எஸ்டி கார்டை 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், டோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. அதற்குப் பழக்கமான வேலை கேமராவுடையது. பெரிய படம், பெரிய வீடியோ, ஒன்றின் பின் ஒன்றாக நேர்வரிசையில் எழுதுவது. கார்டு மேல் 'கிளாஸ் 10' என்று போட்டிருப்பது அந்த நேர்வரிசை வேகத்தைத்தான். ஒரு டெஸ்க்டாப் அப்படி எழுதாது. பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே கேஷ், ஹிஸ்டரி, குக்கீ என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கங்கே எழுதும். 2016-ல்தான் இதற்கு ஏ1 என்ற தரக்குறியீடே வந்தது. அது உறுதி சொல்வது நொடிக்குக் குறைந்தது 500 சின்ன எழுத்து. ஒவ்வொன்றும் 4 கே.பி. என்றால் கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 2 எம்.பி. அட்டையில் 100 எம்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கார்டு, உங்கள் பிரவுசருக்கு 2 எம்.பி. கார்டாகத்தான் நடந்துகொள்ளும். பை மெதுவாக இருக்கு, பிராசஸர் போதவில்லை என்று நாம் திட்டிய நேரத்தில் பாதி, அந்தப் பாவப்பட்ட பிராசஸர் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரம்.

வேகம்கூடப் பரவாயில்லை. ஃப்ளாஷ் மெமரியில் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பது பெரிய பெரிய பாளமாகத்தான் முடியும். நாலு எழுத்தை மாற்றணும் என்றால் கார்டுக்குள் இருக்கும் குட்டி கன்ட்ரோலர் நிறைய தரவை வேறு இடத்துக்கு நகர்த்தும், எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையையும் மாற்றி எழுதும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் நீங்கள் எழுதிய கோப்பு மட்டும் போகாது, அட்டவணையே போகலாம். வீடு மாற்றும்போது பாதி வழியில் லாரி நின்றுபோனால் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற சீட்டும் தொலைந்த மாதிரி. என் தங்கையின் கார்டுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதோடு சார்ஜர் கதையும் சேரும். 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் போன் சார்ஜர், மெல்லிய கேபிள் வழியாக வந்து சேரும்போது 5 இருக்காது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் தெரியும். ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் கொடுப்பதற்குக் காரணமே கேபிளில் தொலையும் அந்தக் கொஞ்சத்தை ஈடுகட்டத்தான். எங்கள் சித்தி வீட்டு டிவியில் அந்த மின்னல் அடிக்கடி வந்தது. அழகா இருக்குல்ல என்று நான் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. என்ன சொல்ல!

கார்டில் இருந்து தப்பிக்க ஆரம்ப காலத்திலேயே மக்கள் வழி தேடினார்கள். துவக்கக் கோப்புகளை மட்டும் எஸ்டி கார்டில் விட்டுவிட்டு, லினக்ஸ் முழுவதையும் யு.எஸ்.பி. டிஸ்க்குக்கு மாற்றுவது ஒரு தந்திரம். ஆனால் அந்த ஒற்றை யு.எஸ்.பி. வழியில்தான் நெட்வொர்க்கும் போகணும். ஒத்தையடிப் பாதையில் பஸ்ஸும் லாரியும் மாதிரி. 2016-ல் வந்த பை 3-ல் கார்டே இல்லாமல் யு.எஸ்.பி.-யில் இருந்து துவங்க முடிந்தது, ஆனால் அதற்கு சிப்புக்குள் ஒருமுறை எழுதினால் அழிக்கவே முடியாத ஒரு பிட்டைப் பதியணும். 2018-ன் 3 பி பிளஸ்ஸில் அது தொழிற்சாலையிலேயே பதிந்து வந்தது. வேறு நிறுவனங்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டன. கொரியாவின் ஹார்ட்கர்னல் தன் ஓட்ராய்டு போர்டுகளுக்குக் கழற்றி மாட்டும் இ.எம்.எம்.சி. கொடுத்தது, அது கார்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் நாலு வருஷம் கழித்தும் அப்டேட் வருமா என்ற கேள்வி வரும்போது ஆட்கள் பைக்கே திரும்பினார்கள். நானும்தான்.

2019 ஜூன் 24. பை 4. என் கணக்கில் இந்தக் கதையின் முக்கியமான தேதி இதுதான். 1.5 கிகாஹெர்ட்ஸில் நாலு கோர், 4 ஜி.பி. வரை மெமரி, இரண்டு மானிட்டர், முதன்முறையாக யு.எஸ்.பி. 3.0. இது டெஸ்க்டாப் என்று வெளிப்படையாகவே விற்றார்கள். 120 டாலருக்கு 'டெஸ்க்டாப் கிட்' என்றே ஒரு பெட்டி. அதில் போர்டு, கீபோர்டு, மவுஸ், அடாப்டர், கேபிள்கள், கூடவே ஒரு 16 ஜி.பி. எஸ்டி கார்டு. யு.எஸ்.பி. 3.0 இருந்தும், வெளியான அன்றைக்கு அதிலிருந்து பூட் பண்ண முடியாது. அந்த வசதி 2020-ல்தான் மென்பொருள் அப்டேட்டாக வந்தது. பூட் நிரலைப் போர்டிலேயே ஒரு சின்ன மெமரியில் வைத்திருந்ததால் அப்டேட் பண்ணவாவது முடிந்தது, அது அவர்கள் செய்த நல்ல காரியம். ஆனாலும் கற்றல் பலகையின் சேமிப்பகத்தை அப்படியே வைத்துக்கொண்டு 'டெஸ்க்டாப்' என்ற சொல்லை மட்டும் முன்னால் கொண்டுவந்தது தப்பு என்பது என் கருத்து. நேர்மையாகச் சொன்னால் எனக்கும் இதில் பங்குண்டு. என் தங்கையின் கார்டு செத்த நவம்பரில் யு.எஸ்.பி. பூட் ஏற்கெனவே வந்துவிட்டது. அப்டேட் அறிவிப்பைப் படிக்க சோம்பல்பட்டவன் நான்.

பை 4-ல் எஸ்எஸ்டி போட்டவர்களுக்கும் சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சில யு.எஸ்.பி. சாட்டா கேபிள்களுக்குள் இருக்கும் சிப்புகள் லினக்ஸோடு சண்டை போட்டன. துவக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்து வேகமான முறையை அணைத்தால்தான் ஓடும். யு.எஸ்.பி.-சி பவர் முனையில் இரண்டு மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றைப் பகிர்ந்துகொண்டார்கள், அதனால் நல்ல விலையுயர்ந்த கேபிள் போட்டால் பவரே வராத விநோதம். பிறகு வந்த போர்டுகளில் திருத்தினார்கள். 2020 நவம்பரில் கீபோர்டுக்குள்ளேயே போர்டை வைத்து பை 400 வந்தது, பார்த்தால் பி.பி.சி. மைக்ரோவின் பேரன் மாதிரியே இருக்கும். சேமிப்பு? எஸ்டி கார்டு. அதன் பிறகு சிப் தட்டுப்பாடு. 2021-ல் இருந்து இரண்டு வருஷம் போர்டு கிடைப்பதே குதிரைக்கொம்பு. இருந்ததில் பெரும்பகுதி தொழில் நிறுவனங்களுக்கு முதலில் போனது.

2023-ன் பை 5-ல் தான் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழி ஒரு மெல்லிய ரிப்பன் கேபிளாக வெளியே வந்தது. இனி கைக்கடக்கமான என்.வி.எம்.இ. எஸ்எஸ்டி-யை நேரடியாக இணைக்கலாம். நொடிக்கு 500 எம்.பி.-க்குள் என்ற வரம்பு உண்டு, இன்றைய எஸ்எஸ்டிகளுக்கு அது குறைவுதான். ஆனால் வித்தியாசம் தெரியும் இடம் அந்தச் சின்ன எழுத்துக்களில்: 500 என்ற கணக்கு பல ஆயிரங்களுக்குப் போகிறது. எஸ்எஸ்டி மாட்டும் பலகை? தனி, 2024 மே மாதம் 12 டாலருக்கு வந்தது. விசிறி? தனி. அடாப்டர்? தனி. அதுவும் சாதாரணம் இல்லை, 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். லேப்டாப்புக்கான 65 வாட் சார்ஜர் இருக்கே என்று சொருகாதீர்கள். அது 20 வோல்ட்டில்தான் பெரிய ஆள், 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்போது பை தன் யு.எஸ்.பி. போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். யு.எஸ்.பி. டிஸ்க் வைத்திருந்தால் அங்கேயே திணறும்.

2024 டிசம்பரில் பை 500, மறுபடியும் கீபோர்டு வடிவம். ஆர்வலர்கள் திறந்து பார்த்தால், உள்ளே எஸ்எஸ்டி மாட்டும் இடம் வரைந்து வைத்திருக்கிறது, ஆனால் பாகங்கள் பொருத்தப்படவில்லை. காலி இடம்! 1981-ல் ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்கு விட்ட அதே மாதிரி. 2025 செப்டம்பரில் வந்த 500 பிளஸ்ஸில்தான் அந்த இடம் நிரம்பியது. 16 ஜி.பி. மெமரி, உள்ளேயே 256 ஜி.பி. எஸ்எஸ்டி, விலை 200 டாலர். முதல் போர்டு வந்து பதின்மூன்று வருஷம் கழித்து, சேமிப்பகம் தனி இல்லாத பை.

சரி, அந்த ரெண்டு நிமிஷப் பதில். போர்டை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். அடாப்டர், எஸ்எஸ்டி, விசிறி, பெட்டி எல்லாவற்றின் விலையையும் கூட்டி, மீதியில் எந்த போர்டு வருகிறது என்று பாருங்கள். 8 ஜி.பி.-க்காக எஸ்எஸ்டி-யை விடுவதைவிட, 4 ஜி.பி. எடுத்து எஸ்எஸ்டி போடுவது டெஸ்க்டாப்புக்கு நல்லது. கூட்டிப் பார்த்த தொகைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸில் இருந்து கழித்த மினி பிசி கிடைக்கிறது என்றால், பாடமும் பிரவுசரும் மட்டும்தான் தேவை என்பவர்கள் அதையே வாங்கலாம். எனக்கு வருத்தம் கிடையாது. எல்.இ.டி., சென்சார் என்று அந்த 40 ஊசிகளில் கைவைக்கப் போகிறவர்களுக்குத்தான் பை.

போன மாசம் தங்கை வீட்டுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், இது அவள் தம்பிக்கு. பை 5, 4 ஜி.பி., சரியான அடாப்டர், 256 ஜி.பி. எஸ்எஸ்டி, விசிறி. எஸ்டி கார்டு ஒன்றும் உண்டு, டிராயரில், எஸ்எஸ்டி கெட்டால் துவக்குவதற்கு. தம்பி ஏதோ டைப் பண்ணிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டாள். "ஏய்!" என்றான் அவன். எனக்கும் ஒரு நொடி திக்கென்றது, எஸ்எஸ்டிக்கும் இது நல்லதில்லை. திரும்பப் போட்டோம். இருபது நொடி போல. கடைசியாகச் சேவ் பண்ணியது வரைக்கும் இருந்தது, அதற்குப் பின் அடித்த ரெண்டு வரி இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்துத் தம்பி கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதுல ஒரு காப்பி போட்டு வை" என்றாள்.